உறைந்த கடலில் வானிலை: இனுயிட் அறிவும் அறிவியலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடக்கே, வருடத்தில் பாதிக்கு மேல் கடல் உறைந்து கிடக்கும் ஊர்களில், வானிலையைத் தப்பாகக் கணித்தால் உயிர் போகும். அங்கே வாழும் இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த அறிவு ஒருபக்கம். கருவிகளையும் செயற்கைக்கோள்களையும் நம்பி நடக்கும் வானிலை அறிவியல் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தும் முயற்சிகள் சில பத்தாண்டுகளாக நடக்கின்றன. இதைப்பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

இனுயிட் என்பவர்கள் யார்? எஸ்கிமோக்கள்தானே?

பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த பெயர் அது. வெளியார் வைத்த பெயர். கனடாவிலும் கிரீன்லாந்திலும் அதை இழிவாகவே கருதுகிறார்கள், அதனால் அதை விட்டுவிடுவது நல்லது. 'இனுயிட்' என்றால் அவர்கள் மொழியில் 'மக்கள்'. ஒருவரை மட்டும் சொல்ல 'இனுக்'. அலாஸ்காவிலிருந்து கனடா வழியாகக் கிரீன்லாந்து வரை பரவி வாழ்கிறார்கள்.

இந்தப் பக்கத்தில் அதிகம் வரப்போவது நூனவுட். 1999 ஏப்ரல் 1 அன்று கனடாவின் தனிப் பிரதேசமாக உருவானது. பரப்பில் இந்தியாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மக்களோ 2021 கணக்குப்படி 37,000 பேர்தான். மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. விமானம் உண்டு, கோடையில் கப்பல் வரும், மற்றபடி உறைந்த கடல்தான் சாலை. வேட்டைக்குப் போவதும் உறவினரைப் பார்க்கப் போவதும் அதன்மேல்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

'இனுயிட் அறிவு' என்பது பழங்கதைகளும் நம்பிக்கைகளும்தானா?

அவையும் அதில் உண்டு, ஆனால் அது அவ்வளவில் முடிவதில்லை. 'இனுயிட் கௌயிமயதுகாங்கிட்' என்று ஒரு சொல்லை நூனவுட் அரசே பயன்படுத்துகிறது. இனுயிட் நெடுங்காலமாக அறிந்திருப்பவை என்று அதற்குப் பொருள். பனியைப் படிப்பது, விலங்குகளின் போக்கைக் கணிப்பது, ஆபத்தில் எப்படி நடந்துகொள்வது, முடிவை யாரைக் கேட்டு எடுப்பது என எல்லாம் அதில் அடக்கம். 'பாரம்பரிய அறிவு' என்று நாம் மொழிபெயர்க்கும்போது அது முடிந்துபோன ஒன்றைப்போல ஒலிக்கிறது. உண்மையில் நேற்று மாலை பனிமேல் போய் வந்தவர் கண்டதும் அதில் சேரும். ஒருவர் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்லி, அவர் தான் பார்த்ததோடு ஒப்பிட்டு, தவறினால் திருத்திக்கொண்டு வளரும் அறிவு அது.

ஒரு சொல்லை மட்டும் சொல்கிறேன். இனுயிட் மொழியில் வானிலைக்குச் 'சிலா' என்று பெயர். வெளி, காற்று, சூழல் எல்லாமே சிலா. அறிவாளியைச் 'சிலாதுயுக்' என்பார்கள். அதற்கும் வேர் இதே சிலாதான். வெளியே நடப்பதை உணர்கிறவரே அறிவுள்ளவர் என்ற எண்ணம் அந்த மொழிக்குள்ளேயே இருக்கிறது.

கருவி இல்லாமல் வானிலையை எப்படிக் கணிப்பார்கள்?

பல அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்து. ஒற்றை அறிகுறியை வைத்து யாரும் கிளம்புவதில்லை.

இரவில் விண்மீன்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் துடித்தால் காற்று வரப்போகிறது என்பார்கள். இதற்கு இயற்பியல் விளக்கம் உண்டு: மேலே காற்றடுக்குகள் கலங்கினால் விண்மீனின் ஒளி அலைக்கழிந்து நம் கண்ணுக்கு வரும். மேகங்களின் வடிவமும் அவை நகரும் திசையும் அடுத்த குறி. தரையில் ஒரு திசையில் காற்று வீச, மேலே மேகம் வேறு திசையில் ஓடினால் மாற்றம் நெருங்குகிறது. நாய்கள், பறவைகள், சீல்கள் ஆகியவற்றின் நடத்தையையும் கவனிப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மேகத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துக் கடலைப் படிப்பது. தாழ்ந்த மேகமூட்டம் இருக்கும் நாளில், பனி மூடிய கடலுக்கு மேலுள்ள மேகம் வெளிறித் தெரியும், ஏனென்றால் பனி ஒளியைத் திருப்பி மேலே அனுப்புகிறது. எங்காவது பனி விலகித் தண்ணீர் திறந்திருந்தால், அதற்கு நேர் மேலே மேகத்தில் ஒரு கருநிறப் பட்டை விழும். பல கிலோமீட்டர் தள்ளி இருப்பவரும் வானத்தைப் பார்த்தே தண்ணீர் எங்கே என்று சொல்லிவிடலாம். ஐரோப்பிய மாலுமிகளும் பின்னாளில் இதே குறியை நம்பிப் பனிக்கடலில் கப்பல் ஓட்டினார்கள்.

அப்புறம் நிலவு. அமாவாசையும் பௌர்ணமியும் நெருங்கும் நாட்களில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், வலுக்கும், நீரோட்டம் வேகமாகும். பனிக்கு அடியில் ஓடும் அந்த நீர், பனியைக் கீழிருந்து அரிக்கும், விளிம்பில் இருப்பதை உடைக்கும். எனவே அந்த நாட்களில் எந்தக் குடாவைக் கடக்கக்கூடாது, எந்த முனையைச் சுற்றிப் போகவேண்டும் என்பது ஊருக்கு ஊர் தெரிந்த சங்கதி.

காற்றுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நமக்கு வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் இருப்பதுபோல, இக்லுலிக் பகுதியில் மேற்கு–வடமேற்குக் காற்றுக்கு 'உவாங்னாக்' என்றும் கிழக்கு–தென்கிழக்குக் காற்றுக்கு 'நிகிக்' என்றும் பெயர். உவாங்னாக் வலுத்து வீசும்போது தரைப்பனி நாக்கு வடிவத்தில் மேடிட்டு இறுகிவிடும். அந்த மேடுகளுக்கு 'உகலுராயிட்' என்று பெயர், நாக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நாக்கின் நுனி எப்போதும் ஒரே திசையைக் காட்டும். சூரியனே எழாத மாதத்தில், கண் தெரியாத பனிமூட்டத்தில், அந்த மேடுகளை எந்தக் கோணத்தில் கடக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

வானிலை நிலையங்களும் செயற்கைக்கோள்களும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அங்குள்ள வானிலை நிலையங்கள் பெரும்பாலும் விமான ஓடுதளத்தின் அருகில் இருக்கின்றன. விமானம் இறங்குவதற்காக வைக்கப்பட்டவை அவை. வேட்டைக்காரர் போவதோ நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி. நடுவில் செங்குத்தான மலைகளுக்கிடையே நீண்ட கடற்கழிகள். ஊரில் காற்றே இருக்காது, கழிக்குள் திரும்பினால் மலையிடுக்கு வழியாகக் காற்று சீறிக்கொண்டு வரும். ஊருக்குச் சொல்லப்பட்ட முன்னறிவிப்பு சரியாகவே இருந்திருக்கும், போன இடத்துக்கு அது பொருந்தாது.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. வெப்பநிலைமானி 'எத்தனை டிகிரி' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. வேட்டைக்காரரின் கேள்வி வேறு: 'நான் போய்விட்டுத் திரும்பி வர முடியுமா?' காற்று, பனியின் உறுதி, நீரோட்டம், வெளிச்சம், வண்டியின் நிலை, கூட வருபவரின் அனுபவம் எல்லாம் சேர்ந்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். கேள்விகள் வேறுவேறு என்பதை மறந்துவிட்டு 'எது சரி' என்று இரண்டையும் மோதவிட்டதால்தான் நிறையக் காலம் வீணாகப் போனது என்று நினைக்கிறேன்.

ஆர்க்டிக் உண்மையில் எவ்வளவு மாறியிருக்கிறது?

1979 முதல் உலக சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் சூடாகிவருகிறது என்று பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். செயற்கைக்கோள் கணக்குப்படி செப்டம்பர் மாதக் கடல் பனியின் பரப்பு பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் என்ற அளவில் சுருங்கிவருகிறது. 1980களில் செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்த பனி, 2012இல் 34 லட்சத்துக்கு இறங்கியது. இதுவரை பதிவானதில் அதுவே மிகக் குறைவு.

ஊர்க்காரர்களுக்கு இந்த எண்கள் வேறு வடிவத்தில் தெரியும். பனி தாமதமாக உறைகிறது, சீக்கிரம் உடைகிறது, நடுவில் எப்போதும் கெட்டியாக இருந்த இடம் மெலிந்து கிடக்கிறது.

அப்படியென்றால் பழைய அறிகுறிகள் பொய்த்துவிட்டன அல்லவா?

சில பொய்க்கின்றன. அதை முதலில் சொன்னவர்களே முதியவர்கள்தான். மேகத்தைப் பார்த்து நாளை இப்படி இருக்கும் என்று தைரியமாகச் சொன்னவர்கள், 1990களிலிருந்து 'இப்போது சொல்ல முடியவில்லை' என்று சொல்லத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய சொல் 'உக்கியனக்துக்'. நன்றாகப் பழகிய நண்பர் திடீரென்று முன்பின் தெரியாதவர்போல நடந்துகொண்டால் எப்படி இருக்கும்? அந்த உணர்வைக் குறிக்கும் சொல். வானிலையை அவர்கள் அப்படி உணர்ந்தார்கள்.

ஓர் அறிவு தன் எல்லையைத் தானே கண்டு சொல்வது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அறிகுறி தவறியது என்பதே ஒரு கவனிப்பு. எந்த மாதத்தில், எந்தக் காற்றோடு, எப்போதிலிருந்து தவறுகிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பல அறிகுறிகள் இன்னும் செல்லும். ஓதமும் நிலவும் மாறவில்லை. பனியைக் குத்திப் பார்த்தால் வரும் ஓசை மாறவில்லை. திறந்த நீருக்கு மேல் மேகம் கறுப்பதும் மாறவில்லை.

முதியவர்கள் சொன்னதை அளவீடுகள் காட்டிய நிகழ்வு ஏதாவது உண்டா?

உண்டு. இந்த விஷயத்தில் ஒரேயொரு கதையைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பேக்கர் லேக் என்ற ஊர் நூனவுட்டில் கடற்கரையில் இல்லாத ஒரே ஊர். அங்கே முதியவர்கள் வானிலை முன்புபோல் இல்லை, கணிக்கவே முடியவில்லை, குறிப்பாக வசந்தகாலத்தில் நாளுக்கு நாள் தாறுமாறாக மாறுகிறது என்றார்கள். ஷாரி ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர் அந்த முதியவர்களோடும் கிளைட் ரிவர் ஊராரோடும் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசி இவற்றைப் பதிவுசெய்திருந்தார். ஆனால் பேக்கர் லேக் நிலையத்தின் பதிவுகளை வழக்கமான முறையில் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. சராசரி வெப்பநிலை ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஏற்ற இறக்கம் கூடியதாகக் கணக்கு காட்டவில்லை. இந்த இடத்தில் பலர் 'ஞாபகப் பிசகு' என்று முடித்திருப்பார்கள்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் வல்லுநர் எலிசபெத் வெதர்ஹெட் அப்படி முடிக்கவில்லை. முதியவர்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டு, அப்படியானால் எண்களில் அது எங்கே ஒளிந்திருக்கும் என்று தேடினார். மாதச் சராசரியை விட்டுவிட்டு ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் உள்ள உறவைப் பார்த்தார். இன்று வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் நாளையும் சூடாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? இதை வானிலையின் தொடர்ச்சி என்று சொல்லலாம். தொடர்ச்சி அதிகமாக இருந்தால் இன்றைய நிலையை வைத்து நாளையைச் சொல்லிவிடலாம். குறைந்தால் இன்று நாளைக்குச் சாட்சி சொல்லாது.

2010இல் வெதர்ஹெட்டும் ஃபாக்ஸும் பனி ஆய்வாளர் ரோஜர் பாரியும் சேர்ந்து முடிவை வெளியிட்டார்கள். வசந்தகாலத்தில் அந்தத் தொடர்ச்சி அண்மைக் காலத்தில் குறைந்திருந்தது. முதியவர்கள் சொன்ன அதே பருவம், ஏறக்குறைய அதே காலம். எண்கள் அதுவரையிலும் அந்தப் பதிவேடுகளில்தான் இருந்தன. அவற்றிடம் சரியான கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. அந்தக் கேள்வி வந்தது, அந்த நாட்களில் வெளியே போய் ஏமாந்து திரும்பியவர்களிடமிருந்து.

நாளை எப்படி என்று முன்னாளே ஓரளவு சொல்ல முடிந்தால்தான் பயணமே. ஆகவே தொடர்ச்சி குறைந்ததை வாழ்க்கையில் உணர்வது எளிது, சராசரிகளில் காண்பது கடினம். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் யாரை நம்புவது?

கிளைட் ரிவரில் இது நடந்தது. பாஃபின் தீவின் கிழக்குக் கரையில் ஆயிரம் பேர் அளவில் வாழும் ஊர் அது. காற்று முன்பைவிட அடிக்கடி திசை மாறுகிறது, திடீரென்று வலுக்கிறது என்று வேட்டைக்காரர்கள் சொன்னதை நிலையத்தின் காற்றுப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வும் 2010இல் வெளியானது. சிலவற்றில் ஒத்துப்போயின, சிலவற்றில் இல்லை.

ஒத்துப்போகாத இடத்தை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை, ஊராரைக் குறைசொல்லவும் இல்லை. நிலையம் நிற்பது ஓரிடம், வேட்டைக்காரர் பார்ப்பது பரந்த நிலம். கருவி குறிப்பது வேகமும் திசையும், வேட்டைக்காரர் கவனிப்பது பனிமேட்டின் இறுக்கத்தையும் அலையையும் பயணம் தடைப்பட்ட நாட்களையும். காற்று மாறாமலேயே அதன் விளைவு மாறலாம்: பனி மெலிந்த கடலில், முன்பு ஒன்றும் செய்யாத காற்று இன்று விளிம்பை உடைத்துக்கொண்டு போய்விடும். இப்படி யோசிக்கத் தொடங்கியதே அந்த முரண்பாட்டின் பயன். யாராவது ஒருவரை உடனே நம்பியிருந்தால் அந்த யோசனைக்கே இடம் இருந்திருக்காது.

சூரியன் இடம் மாறிவிட்டது, பூமி சாய்ந்துவிட்டது என்று முதியவர்கள் சொன்னார்களாமே?

ஆம், நூனவுட்டின் பல ஊர்களில் சொன்னார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் சொன்னார்கள். சூரியன் மறையும் இடம் தள்ளிப் போயிருக்கிறது, நீண்ட இருளுக்குப் பிறகு அது முன்பைவிடச் சீக்கிரம் தலைகாட்டுகிறது என்பது அவர்கள் கண்டது. பூமியின் அச்சு அப்படிச் சாயவில்லை என்பது உறுதி. அதனால் வானியல் தெரிந்தவர்களுக்கு இது அபத்தமாகப் பட்டது.

ஆனால் அடிவானத்தில் தெரியும் சூரியன் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது வேறு சங்கதி. குளிர்ந்த தரையை ஒட்டிக் குளிர்காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் படிந்திருந்தால் ஒளி வளைந்து வரும். அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனும் மேலே இருப்பதுபோலத் தெரியும். அது நாட்கணக்கில் முன்னதாகவும், சற்றுத் தள்ளியும் தோன்றலாம். காற்றடுக்குகளின் வெப்பநிலை மாறினால் இந்த வளைவும் மாறும். ரெசொல்யூட் ஊரில் வானிலை நிலையத்தில் வேலை பார்த்த வேயின் டேவிட்சன் பல ஆண்டுகள் அடிவானச் சூரியனைப் படம்பிடித்து இந்த விளக்கத்தை முன்வைத்தார்.

ஆகவே முதியவர்கள் கண்டது ஒன்று, அதற்கு அவர்கள் சொன்ன காரணம் இன்னொன்று. காரணம் தவறாக இருந்தால் கண்டதையும் தூக்கி எறிந்துவிடக்கூடாது. இந்த வேறுபாட்டை இருபக்கத்தாரும் மனத்தில் வைத்தால் பேச்சு எவ்வளவோ எளிதாகிவிடும்.

சேர்ந்து வேலைசெய்வது என்றால் நடைமுறையில் என்ன நடக்கிறது?

மீண்டும் கிளைட் ரிவர். 'சிலாலிரியீட்' என்று ஒரு திட்டம், வானிலையைப் பற்றி வேலைசெய்கிறவர்கள் என்று பொருள். கருவிகளை எங்கே வைப்பது என்பதை முதியவர்களும் வேட்டைக்காரர்களும் முடிவுசெய்தார்கள். மக்கள் அடிக்கடி பயணம் போகும் வழிகளில், கிளம்புமுன் எந்த இடத்து நிலைமை தெரிந்தால் உதவுமோ அந்த இடங்களில், மூன்று நிலையங்கள். வீட்டில் இருந்தபடியே மணிக்கு மணி அந்த இடத்தின் காற்றையும் குளிரையும் பார்த்துக்கொள்ளலாம். அறிவியலாளர்களுக்கு அந்தத் தரவுகள் பனியும் காற்றும் எப்படி நகர்கின்றன என்று கணக்கிட உதவுகின்றன. ஒரே கம்பம், இரண்டு பேருக்கும் பயன். இது நடந்ததற்கு ஒரு காரணம், ஷாரி ஃபாக்ஸ் கோடையில் வந்து போகும் ஆய்வாளராக இல்லாமல் அந்த ஊரிலேயே பல ஆண்டுகள் குடியிருந்தது.

கடல் பனியின் தடிமனை அறிய என்ன வழி?

பழைய வழி 'தூக்', கையில் பிடித்துக் குத்தும் பனி உளி. குத்தும் எண்ணிக்கையும் ஓசையும் நிறமும் சொல்லிவிடும். இதன் இடத்தை வேறெதுவும் இன்னும் பிடிக்கவில்லை.

கனடாவின் கிழக்கே லாப்ரடோர் கரையில் நெயின் என்ற ஊர் இருக்கிறது. 2009–10 குளிர்காலம் அங்கே வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்தது. அனுபவசாலிகளே பனி உடைந்து நீரில் விழுந்தார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து 'ஸ்மார்ட் ஐஸ்' பிறந்தது. மெமோரியல் பல்கலைக்கழகத்தின் ட்ரெவர் பெல்லும் நெயின் ஊராரும் சேர்ந்து தொடங்கினார்கள். இரண்டு கருவிகள். ஒன்று பனியில் நட்டுவைக்கும் கம்பம்: காற்று, பனி, நீர் என மேலிருந்து கீழ்வரை வெப்பநிலையை அளந்து, பனி எங்கே முடிந்து நீர் தொடங்குகிறது என்று செயற்கைக்கோள் வழியே சொல்லும். இன்னொன்று ஸ்னோமொபைல் என்ற பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் 'கமுட்டிக்' என்ற சறுக்குவண்டியில் பொருத்திய உணரி. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும், பனி ஏறக்குறைய கடத்தாது. இந்த வேறுபாட்டை வைத்து, போகிற வழியெல்லாம் கீழே நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுக்கொண்டே போகும்.

கருவியைவிட அதை இயக்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. வண்டி எந்த வழியில் போகவேண்டும், கம்பத்தை எங்கே நடவேண்டும் என்பதை ஊரில் ஒரு குழு முடிவுசெய்கிறது. இயக்குபவர்கள் உள்ளூர் இனுயிட். 2016இல் ஆர்க்டிக் இன்ஸ்பிரேஷன் பரிசும் 2017இல் ஐநாவின் காலநிலைத் தீர்வுகளுக்கான விருதும் இதற்குக் கிடைத்தன. பாஃபின் தீவின் வடக்கே உள்ள பாண்ட் இன்லெட் ஊரில் இன்னும் ஒருபடி மேலே போய், பனியின் வகைகளுக்கு இனுயிட் மொழிச் சொற்களையே பயன்படுத்தி, செயற்கைக்கோள் படங்களின்மேல் ஆபத்தான இடங்களைக் குறித்த வரைபடங்கள் தயாராகின்றன.

ஹட்சன் விரிகுடாவில் சனிகிலுவாக் ஊரைச் சேர்ந்த ஆர்க்டிக் ஈடர் சங்கம் 2019இல் 'சிகு' என்ற செயலியை வெளியிட்டது. சிகு என்றால் கடல் பனி. தாம் கண்ட பனி, விலங்கு, வழி ஆகியவற்றை மக்கள் தங்கள் மொழியில் படத்தோடு பதிவார்கள், பக்கத்திலேயே வானிலையும் ஓதமும் செயற்கைக்கோள் படமும் இருக்கும். பதிந்தவருக்கே அந்தத் தகவல் சொந்தம், யார் பார்க்கலாம் என்பதையும் அவரே தீர்மானிக்கலாம்.

ஜிபிஎஸ் வந்தபிறகு இளைஞர்கள் பழையதைக் கற்கிறார்களா?

கற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வழி அறுபட்டுப்போனது ஜிபிஎஸ்ஸால் அல்ல. 1950களிலிருந்து இனுயிட் குடும்பங்கள் நிலையான குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டன. பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குப் போனார்கள். சறுக்குவண்டி இழுத்த நாய்கள் ஏராளமாகக் கொல்லப்பட்டன. பாஃபின் பகுதி இனுயிட் மக்களுக்கு இழைத்த கேடுகளுக்காகக் கனடா அரசு 2019 ஆகஸ்ட்டில் மன்னிப்புக் கேட்டது. அப்பாவோடு பனிமேல் போகவேண்டிய வயதில் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த தலைமுறை அது.

நாய் மெல்லிய பனியின்மேல் கால்வைக்கத் தயங்கும், ஸ்னோமொபைல் தயங்காது. ஜிபிஎஸ் காட்டும் நேர்கோடு பனி எவ்வளவு தடிமன் என்று சொல்லாது. குளிரில் மின்கலம் தீர்ந்துவிட்டால் அதுவும் இல்லை. அதே சமயம், வெள்ளை இருட்டில் தவித்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க இதே கருவிதான் உதவியிருக்கிறது. இரண்டையும் தெரிந்தவர் கையில் ஜிபிஎஸ் நல்ல துணை.

முன்னறிவிப்பு தருபவர்களிடம் ஊர்க்காரர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

பாண்ட் இன்லெட்டைச் சேர்ந்த இனுக் ஆய்வாளர் நட்டாஷா சிமோனி, தன் ஊராரிடமே இதைக் கேட்டு ஆராய்ந்தார். 2021இல் அமெரிக்க வானிலைக் கழகத்தின் ஆய்விதழில் அது வந்தது. தம் ஊரைப்பற்றித் தாமே கேள்வி கேட்டு, பல்கலைக்கழக ஆய்வாளர்களைத் துணைக்கு வைத்துக்கொண்ட முறை அது. முன்பெல்லாம் இது தலைகீழாக இருந்தது.

தேவைகள் ஆடம்பரமானவை அல்ல. போகும் இடத்துக்குப் பொருந்தும் காற்றுத் தகவல், புரியும் சொற்கள், மெதுவான இணையத்திலும் திறக்கும் பக்கம். கனமான வரைபடங்கள் நிறைந்த இணையதளம் நகரத்தில் ஒரு நொடியில் திறக்கும், அங்கே திறப்பதற்குள் விடிந்துவிடும். உலக வானிலை அமைப்பு 2017 நடுவிலிருந்து 2019 நடுவரை துருவ முன்னறிவிப்பு ஆண்டு என்று நடத்தி, துருவங்களில் கூடுதல் அளவீடுகளைச் சேர்த்தது. அந்த முயற்சியில் பயனாளர் தேவைகளையும் ஆராய்ந்தார்கள். முன்னறிவிப்பு துல்லியமாவது ஒரு வேலை, அது உறைந்த கடலில் நிற்பவரின் கைக்குப் போய்ச் சேர்வது இன்னொரு வேலை.

அறிவியல் 'சரிபார்த்த' பிறகுதான் இனுயிட் அறிவை ஏற்கவேண்டுமா?

இந்தக் கேள்வியில் ஒரு சாய்வு இருக்கிறது. எப்போதும் ஒருவர் தேர்வெழுதுபவராகவும் மற்றவர் திருத்துபவராகவும் இருக்கிறார்கள்.

1977இல் அலாஸ்காவில் நடந்ததைப் பாருங்கள். போஹெட் திமிங்கிலங்கள் அதிகபட்சம் இரண்டாயிரத்துக்குள்தான் மிஞ்சியிருக்கின்றன என்று அறிவியலாளர்கள் கணித்தார்கள். அதை நம்பிச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வேட்டைக்குத் தடை போட்டது. அங்கு வாழும் இன்யூபியாட் மக்கள், இவர்களும் இனுயிட் இனத்தவரே, 'நீங்கள் கரையோரத் திறந்த நீரில் போவதை மட்டும் எண்ணுகிறீர்கள், திமிங்கிலம் பனிக்கு அடியிலும் தொலைவிலும் போகிறது' என்றார்கள். நம்ப ஆளில்லை. பிறகு நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, பனிக்கு அடியில் திமிங்கிலங்கள் போய்க்கொண்டிருந்தன. கணக்கெடுக்கும் முறையே மாறியது, எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. 2011இல் அது ஏறக்குறைய 17,000. இடையில் இனம் பெருகியதும் அதில் உண்டு.

அங்கே அறிவியல் சரிபார்த்தது வேட்டைக்காரர்களை மட்டுமா? தன் எண்ணும் முறையையும்தானே? சரிபார்ப்பு இருபக்கமும் போகவேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தத் தகவல்கள் யாருக்குச் சொந்தம்?

நூனவுட்டில் ஆய்வு செய்ய உரிமம் வாங்கவேண்டும், ஊர்களின் கருத்தும் கேட்கப்படும். கனடாவின் இனுயிட் மக்களுக்கான தேசிய அமைப்பு 'இனுயிட் டபிரியிட் கனடாமி' 2018இல் ஆய்வுகளுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆய்வின் நிர்வாகத்திலும் நிதியிலும் தரவுகளிலும் இனுயிட் மக்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பது அதன் சாரம். கேட்டுக் குறித்துக்கொண்டு போய்ப் புத்தகம் போட்டுவிட்டு, ஊருக்கு ஒரு பிரதிகூட அனுப்பாத பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை, போகாததில் வியப்பும் இல்லை.

நாளை ஒருவர் பாண்ட் இன்லெட்டிலிருந்து பனி விளிம்புக்குப் போகவேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பார்?

கரையோடு ஒட்டி உறைந்த பனி முடிந்து திறந்த நீர் தொடங்கும் இடத்தைச் 'சினா' என்பார்கள். நார்வால் என்ற திமிங்கிலங்களும் சீல்களும் அங்கேதான். ஆபத்தும் அங்கேதான், கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று நாம் நிற்கும் பனியையே பிளந்து கொண்டுபோய்விடும்.

முதல்நாள் மாலை அவர் காற்றின் முன்னறிவிப்பைப் பார்ப்பார். செயற்கைக்கோள் படத்தில் புதிய விரிசல் கோடு எதுவும் தெரிகிறதா என்று தேடுவார். நிலவு எந்த நாளில் இருக்கிறது என்பது அவருக்குக் கேட்காமலே தெரியும். அப்புறம் அந்த வாரம் போய்வந்த ஒரு மூத்தவருக்குத் தொலைபேசியில் பேசுவார். காலையில் வெளியே வந்து நின்று பார்ப்பார்: மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது, தொலைவில் அதன் அடி எங்கே கறுத்திருக்கிறது, முகத்தில் படும் காற்று முன்னறிவிப்பு சொன்ன காற்றுதானா? ஒத்துவந்தால் கிளம்புவார், ஒத்துவராவிட்டால் அடுப்பில் இன்னொரு கெட்டில் தேநீர் ஏறும்.

போகும் வழியில், படத்தில் நன்றாகத் தெரிந்த இடமாக இருந்தாலும், நிறம் மாறிய பனி தெரிந்தால் வண்டியை நிறுத்தி இறங்கித் தூக்கால் குத்துவார். உளி சட்டென்று உள்ளே போய்விட்டால் திரும்பிவிடுவார். திரும்புமுன் கையுறையைக் கழற்றி, அந்த இடத்தைச் சிகுவில் ஒரு புள்ளியாகப் பதிந்துவிட்டுப் போவார்.